வண்டிச் சட்டமும் நாட்டுச் சட்டமும்

காலை ஏழு மணிக்கு எந்த ஊர்க் கடைவீதியில் போய் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மொத்தக் கடை வாசலில் சரக்கு எடுக்க வந்த மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். கம்பெனியிலிருந்து வந்த உருவத்தில் அவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் அதிசயம். ஒரு வண்டியில் பின்னால் ஒரு முழ நீளத்துக்கு ஆங்கிள் இரும்பில் கேரியர். இன்னொன்றில் ஒரு ஸ்பிரிங்குக்குள் இன்னொரு ஸ்பிரிங். வேறொன்றில் பின்சக்கரத்தைத் தாங்கும் கையை வெட்டி, நடுவில் துண்டு வைத்து ஒட்டி, வண்டியே நீண்டு போயிருக்கும். அதன் மேல் மூன்று அரிசிச் சிப்பம், இரண்டு எண்ணெய் டின், ஒரு மூட்டை வெங்காயம். ஓட்டுகிற பையன் பெட்ரோல் டாங்கின் மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இதைப் பார்த்து நாம் சிரித்ததுண்டு, கெட்டிக்காரத்தனம் என்று மெச்சியதும் உண்டு. ஆனால் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த இதழில் சகோதர வணிகர்கள் முன் வைக்கிறோம். பழைய மோட்டார் சைக்கிளை நம் பாரத்துக்கு ஏற்றபடி மாற்றுவதில் எது சரி, எது தவறு?

முதலில் நம் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். யாரும் ஆசைக்காக வண்டியை வெட்டுவதில்லை. வீட்டுக்கே சரக்கு வர வேண்டும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கிறார். செல்போனில் சொன்னால் சில நிமிடங்களில் கொண்டு வருகிறோம் என்று பெரிய கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. சில்லறைக் கடைக்காரருக்குக் கிலோவுக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பது நாம் அறிந்ததே. நான்கு சக்கர வண்டி வாங்க வழியில்லாதபோது, மூலையில் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிள்தான் கண்ணில் படுகிறது.

அந்தப் பழைய வண்டிகளும் உழைப்பாளிகள்தான். 1955-ல் சென்னையில் கூட்டு நிறுவனம் தொடங்கித் திருவொற்றியூரில் உருவான புல்லட், மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி, பால்காரர்களின் வாகனமாக இருந்த ராஜ்தூத், 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 ஆகியவை நம் கடைகளைத் தாங்கிய வண்டிகள். அவற்றில் சிலவற்றுக்கு அசல் உதிரி பாகமே இப்போது கிடைப்பதில்லை. எஸ்டி தயாரித்த மைசூர்த் தொழிற்சாலை 1996-லேயே மூடப்பட்டுவிட்டது. பாகம் கிடைக்காதபோது பட்டறையில் செய்து போடுகிறோம். செய்து போடுவது பழகிவிட்டால், இருப்பதையும் வெட்டிப் பெரிதாக்கத் துணிச்சல் வந்துவிடுகிறது.

எங்களுக்கும் வந்தது. அந்தக் கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மொத்தக் கடையில் 1988-ல் வாங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. 2021-ல் அதை ஒரு பட்டறையில் விட்டு மூன்று வேலைகள் செய்தோம். இருக்கைக்குப் பின்னால் சட்டத்தை ஒன்பது அங்குலம் நீட்டிக் கேரியர் வைத்தோம். பின்சக்கரக் கையை மூன்று அங்குலம் நீட்டினோம். பின்பக்க ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுத் தடித்த கம்பியில் சுற்றிய ஸ்பிரிங் போட்டோம். எழுபத்தைந்து கிலோ, அதாவது மூன்று 25 கிலோ சிப்பம் ஏற்றலாம் என்பது எங்கள் கணக்கு. வண்டியும் ஏற்றிக்கொண்டு ஓடியது. பார்த்தவர்கள் பட்டறை முகவரி கேட்டு வாங்கிப் போனார்கள்.

2022 ஜூலையில், பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. வரிக்குள் வராதிருக்க ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கின. ஒரு கிலோதானே என்று நாம் கவனிக்கவில்லை. மூன்று சிப்பம் 78 கிலோ ஆனது. பிறகு, இடம் இருக்கிறதே என்று ஓர் எண்ணெய் டின்னும் சேர்ந்தது. தராசில் நூறு கிராம் கூடினால் நம் கண்ணில் படுகிறது. வண்டியில் பதினெட்டு கிலோ கூடியது படவில்லை.

2023-ல் ஒரு மழைநாள் மாலை, வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கும்போது பின்சக்கரக் கை வலது பக்கம் முறிந்தது. ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயது. கால் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தான். பின்னால் லாரி எதுவும் வராததால் உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் அவனுடைய தாயார் எங்களைப் பார்த்து, "முதலாளி, வண்டி சரியில்லைன்னு அவன் ரெண்டு தடவை உங்ககிட்ட சொன்னானாமே" என்று மட்டும் கேட்டார். சொன்னது உண்மை. "மெதுவாகப் போ" என்று பதில் சொல்லி அனுப்பியதும் உண்மை. செலவு முழுவதையும் ஏற்றோம், சம்பளமும் கொடுத்தோம். ஆனாலும் அந்தக் கேள்விக்கு இன்று வரை எங்களிடம் பதில் இல்லை.

முறிந்த கையை வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒட்டு உடையலே. ஒட்டுக்குப் பக்கத்திலே உடைஞ்சிருக்கு பாருங்க" என்றார். அவரிடமும் பிறகு விவரம் தெரிந்த சிலரிடமும் கேட்டுப் புரிந்துகொண்டதை, நம் வணிகர்களுக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறோம்.

சட்டம் ஏன் முறிகிறது?

மோட்டார் சைக்கிளின் எலும்புக்கூடாக இருக்கும் குழாய்க் கட்டமைப்பை மெக்கானிக்குகள் சேஸ் என்பார்கள். தமிழில் அதுதான் வண்டியின் சட்டம். பார்க்கத் தடிமனாகத் தெரிந்தாலும் அது உள்ளே கூடான குழாய். வெல்டிங் வைக்கும்போது ஒட்டுகிற இடம் உருகி இறுகுகிறது. அதை ஒட்டிய பகுதி உருகாமல் சூடு மட்டும் ஏறி ஆறுகிறது. அங்கே இரும்பின் குணம் மாறிவிடுகிறது. தினமும் பாரம் ஏறி இறங்க, வண்டி குலுங்கக் குலுங்க, அந்த இடத்தில்தான் மயிரிழை போல வெடிப்பு தொடங்கும். பெயின்ட் அடித்திருந்தால் அது தெரியவும் தெரியாது. ஒட்டு பலமாக இருக்கிறது என்று நாம் தைரியமாக இருப்போம். பக்கத்தில் இரும்பு தேய்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, பாரம் வைக்கும் இடம். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 130 சென்டிமீட்டர் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 78 கிலோ வைக்கிறோம். தராசுக் கோல் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு எளிது. 78-ஐ 30-ஆல் பெருக்கி 130-ஆல் வகுத்தால் 18. முன்சக்கரத்தின் மேலிருந்து 18 கிலோ பாரம் தூக்கிக்கொள்ளும். பின்சக்கரத்தின் மேல் 78 அல்ல, 96 கிலோ கூடுதலாக விழும். முன்சக்கரம் இலேசானால் திருப்பும்போது வழுக்கும், முன் பிரேக் பிடித்தாலும் பிடிமானம் குறையும். விளக்கு சாலையைப் பார்க்காமல் எதிரே வருகிறவரின் கண்ணைப் பார்க்கும்.

மூன்றாவது, கையை நீட்டுவது. பதினாறு அங்குலக் கையைப் பத்தொன்பதாக்கி, ஸ்பிரிங் மாட்டும் இடத்தைப் பழைய இடத்திலேயே விட்டால், நெம்புகோல் நீண்டுவிடுகிறது. சக்கரத்தின் பக்கமிருந்து பார்த்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துபோகிறது. வண்டி பின்னால் தொங்கும். தொங்குகிறதே என்று தடித்த ஸ்பிரிங் போடுகிறோம். ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறு செய்கிறோம்.

ஸ்பிரிங் வேறு, ஷாக் அப்சர்பர் வேறு

இதை எங்களைப் போலப் பலரும் ஒன்றென்றே எண்ணியிருப்பார்கள். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது அதனுள் இருக்கும் எண்ணெய்க் குழாய். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போவதால் துள்ளல் அடங்குகிறது. ஸ்பிரிங்கை மட்டும் இரட்டிப்பாக்கிவிட்டு எண்ணெய்க் குழாயைப் பழையபடியே விட்டால், அடக்க ஆளில்லாமல் வண்டி குதித்துக்கொண்டே போகும். குதிக்கிற ஒவ்வொரு முறையும் அடி சட்டத்தின் மேல்தான் விழுகிறது.

அந்தக் கால வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகவே மாட்டப்பட்டிருந்தது. ஓட்டுகிறவர் அமரும் இருக்கையின் கீழே மட்டும் ஸ்பிரிங் இருக்கும். ஆடும் கையும் இரண்டு ஷாக் அப்சர்பரும் வைத்த புல்லட் இங்கிலாந்தில் 1948-ல்தான் வெளியே தெரிந்தது. அந்த அமைப்பு ஓட்டுகிறவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு ஆட்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. சிப்பம் ஏற்றுவதற்கென்று எவரும் அதை வடிவமைக்கவில்லை.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று விவரங்கள் மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். கேரியர், கை, ஸ்பிரிங் என்று எங்கள் வண்டியில் மாற்றங்கள் மூன்று. மூவைந்து பதினைந்தாயிரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வடமாநிலங்களில் பழைய என்ஜின்களைக் கொண்டு உருவாக்கி ஓட்டும் 'ஜுகாட்' வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, சட்டத்துக்கு உட்படாமல் அவை சாலையில் ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. சென்னையில் மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய என்ஜினை மாட்டி ஓட்டிய மீன்பாடி வண்டிகளை நாம் அறிவோம். அவையும் இந்த வகைதான்.

அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். வண்டியின் சட்ட எண் அந்தக் குழாயில்தான் பதித்திருக்கிறது. வெட்டியதால் எண் சிதைந்தால் ஆர்.சி.யே கேள்விக்குள்ளாகும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். எங்கள் விபத்துக்குப் பின் காப்பீட்டின் சார்பில் வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த வண்டி ஆர்.சி.யில் உள்ளபடி இருந்ததா?" என்பதே. இல்லை என்ற பிறகு எங்கள் வண்டிக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. வேலை நேரத்தில் தொழிலாளிக்கு நேரும் காயத்துக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்பதோ 1923 முதலே இந்த நாட்டில் இருந்துவரும் கடமை. அதாவது, வெட்டிய வண்டியின் பொறுப்பு முழுவதும் நம் தலையில்தான்.

எதைச் செய்யலாம்?

சட்டத்தைத் தொடக் கூடாது என்றால் பழைய வண்டியை ஓட்டவே கூடாது என்று பொருளல்ல. கம்பெனி வைத்த அமைப்பைச் சீராக வைத்துக்கொண்டாலே பாதி ஆபத்து நீங்கும்.

பல வண்டிகளில் பின் ஷாக் அப்சர்பரின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் உண்டு. பாரம் ஏற்றும் நாளில் அதற்குரிய சாவியால் ஒரு படி, இரண்டு படி ஏற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இருபது வருடமாக அந்த வளையத்தைத் தொடாத கடைக்காரர்கள் உண்டு. நாங்களும் அவர்களில் சேர்த்திதான்.

பின் இருக்கையை இரு கையாலும் அழுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சர்பர் போய்விட்டது. மாற்றும்போது ஜோடியாகவே, அந்த வண்டிக்கு உரியதையே போட வேண்டும். முன் ஃபோர்க்கில் எண்ணெய் இருக்கிறது என்பதையே பலர் மறந்துவிட்டார்கள். அதைக் குறித்த அளவில், இரண்டு காலிலும் சமமாக மாற்ற வேண்டும். எண்ணெய் கசிந்தால் சீலை மாற்ற வேண்டும்.

நடு ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கையின் புஷ் தேய்ந்திருக்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முன்னும் பின்னும் இழுத்து ஆட்டம் கண்டால் கோன் செட்டைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் அளவை அடுத்து ஓர் எண் அச்சிட்டிருக்கும். 60 என்றிருந்தால் அந்த டயர் தாங்கும் உச்ச பாரம் 250 கிலோ, 62 என்றால் 265 கிலோ. வண்டியின் எடையில் பின்சக்கரத்தின் பங்கும், ஓட்டுபவரும், சரக்கும் இதற்குள் அடங்க வேண்டும். டயர் தாங்கும் என்பதற்காக வண்டி தாங்கும் என்று பொருளல்ல. வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவே முடிவான அளவு.

பெட்டி வைக்க வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. இரு சக்கர வண்டியில் 550 மில்லிமீட்டர் நீளம், 510 அகலம், 500 உயரத்துக்கு மிகாத இலேசான பெட்டி வைக்க 2020-ல் மத்திய அரசு விதி செய்தது. பின் இருக்கை இடத்தில் வைத்தால் ஓட்டுபவர் ஒருவர்தான் போகலாம். சில்லறை வீட்டு டெலிவரிக்கு அந்தப் பெட்டி போதும்.

இதையெல்லாம் செய்ய ஆகும் செலவு, இரண்டு மூன்று அரிசிச் சிப்பத்தின் விலையைப் பெரும்பாலும் தாண்டாது. வெல்டிங் பட்டறையில் நாங்கள் கொடுத்தது அதைவிட அதிகம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தாத்தாவின் புல்லட்டை எடுத்து, பின் சட்டத்தை அறுத்து, ஷாக் அப்சர்பரைக் குட்டையாக்கி, படத்தில் பார்த்தது போல அழகு செய்வது இப்போது பரவியிருக்கிறது. பாரம் ஏற்றவில்லை என்பதைத் தவிர அதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அங்கே அறுப்பதும் அதே குழாய்தான், அதற்கும் அதே பிரிவு 52 தான்.

சங்கத்துக்கு நமது வேண்டுகோள்

சில்லறைக் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. "இதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போங்கள், இன்னொரு நடை மிச்சம்" என்று தூக்கி வைத்தவர்கள் நாங்கள்தான். 2023-க்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு மோட்டார் சைக்கிளில் ஒரு சிப்பத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. அதற்கு மேல் வேண்டியவர்களுக்கு வாரம் இரண்டு நாள் குட்டி யானையில் நாங்களே கொண்டுபோய் இறக்குகிறோம். ஒரே தெருவில் உள்ள கடைகளுக்கு ஒரே நடையில் இறக்குவதால், பயந்த அளவு செலவு கூடவில்லை. முதல் மாதம் இரண்டு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

ஒரு கடை மட்டும் இப்படிச் செய்தால் நஷ்டம் அந்தக் கடைக்கு. எல்லோரும் சேர்ந்து செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே சங்கம் மூன்று காரியங்களை எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, மோட்டார் சைக்கிளில் ஏற்றும் பாரத்துக்கு உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரு பொது அளவை வகுக்க வேண்டும். மொத்தக் கடைகள் அதை மீறி ஏற்றி அனுப்பக் கூடாது.

இரண்டு, ஆண்டுக்கு ஒரு முறை நல்ல மெக்கானிக்குகளை வைத்து, ஷாக் அப்சர்பர், ஃபோர்க், புஷ், டயர் ஆகியவற்றைச் சோதிக்க முகாம் நடத்த வேண்டும். தராசுக்கு ஆண்டு முத்திரை வைக்கிற நமக்கு இது புதிதல்ல.

மூன்று, அரசிடம் ஒரு வழி கேட்க வேண்டும். ஜெர்மனியில் மோட்டார் சைக்கிளில் மாற்றம் செய்பவர், டி.யு.வி. போன்ற பரிசோதனை அமைப்பிடம் காட்டி, ஒப்புதல் பெற்று, வண்டியின் ஆவணத்தில் எழுதிக்கொள்கிறார். பரிசோதித்து ஒப்புதல் தந்த சரக்குக் கேரியர்களை நம் சிறு வணிகர்களும் முறைப்படி பொருத்திக்கொள்ள இங்கேயும் ஏற்பாடு வேண்டும். தடை மட்டும் போட்டால் வேலை இருட்டுப் பட்டறைக்குத்தான் போகும். வழியும் காட்டினால் வெளிச்சத்துக்கு வரும்.

எங்களிடம் வேலை பார்த்த அந்தப் பையன் இப்போது நடக்கிறான். மழைக்காலத்தில் கால் வலிக்கிறது என்கிறான். குட்டி யானையை அவன்தான் ஓட்டுகிறான். முறிந்த அந்தக் கையை நாங்கள் பழைய இரும்புக்குப் போடவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. யாராவது வந்து, "அண்ணாச்சி, வண்டியைக் கொஞ்சம் நீட்டலாம்னு இருக்கேன்" என்றால், அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, ஒட்டுக்குப் பக்கத்தில் பார்க்கச் சொல்கிறோம்.